எதிர்வீட்டு வாடகை

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு எதிரே சோபாவில் முதல் மாடி நர்ஸம்மா. ராத்திரி வேலை முடித்து வந்தவர், சாய்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரர். ஒரு கால் ஆடுகிற எங்கள் மேசையைப் பிடித்தபடி, நர்ஸம்மாவுக்கு எதிர்வீட்டில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல்காரர். சமையலறை வாசற்படியில், நடுவே ஒரே தட்டை வைத்துப் பட்டாணி உரித்தபடி, என் மனைவியும் அவள் தங்கையும். ஜன்னலோரம் இரும்பு மடக்கு நாற்காலியில், மடியில் அட்டையும் தாளுமாக நான். என்னுடைய சாய்வு நாற்காலியில், யாரும் உட்காரச் சொல்லாமலே, அந்தத் தங்கையின் புருஷன், அதாவது என் சகலை.

ஐந்து குடித்தனமும் ஆஜர். ஆறாவது வீடு, ரொட்டிக்கடைக்காரருக்கு எதிரே இருப்பது, மூன்று மாதமாகக் காலி. அதற்கு வெள்ளையடித்து இருபதாயிரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் வாரத்துக்கு நாலு ஜோடி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. தெருமுனையில் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து இந்தக் கதைதான். அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க முளைக்க, இந்தப் பக்கம் எங்கள் பழைய சுவர்களுக்கு மவுசு ஏறுகிறது. சுவர் என்னவோ அதே சுவர்தான். குழாயில் வரும் துருவும் அதே துருதான்.

கூட்டத்துக்குக் காரணம் வீட்டுக்காரம்மாவின் கடிதம். அந்த அம்மாள் வேறு ஊரில் இருக்கிறார். காது மந்தம், ஃபோனில் பேசமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார். மேலே எல்லாருக்கும் பொதுவான விஷயம்; கடைசியில் ஆளுக்குத் தகுந்தபடி தனியாக ஒரு வரி. இந்த வருடப் பொது விஷயம், பதினாலாயிரம் இனிமேல் பத்தொன்பதாயிரம் என்பது. அதற்குக் கீழே வழக்கமான வாசகம்: “தாங்கள் எழுத்து மூலம் சம்மதம் தெரிவிக்கும் மாதத்திலிருந்து புது வாடகை.” எனக்கு வந்த தனி வரியை நான் கூட்டத்தில் படிக்கவில்லை. “உங்கள் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; அச்சில் வார்த்தாற்போல் இருக்கின்றன” என்று எழுதியிருந்தார். 

நான் பம்பு கம்பெனியில் தபால் பிரிவு கிளார்க். வருகிற தபாலுக்கு எண் போட்டு, போகிற தபாலுக்கு நகல் எடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்த கடிதத்துக்கு அன்றே பதில் எழுதவேண்டும் என்று எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. ஆகவே கட்டடத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் பதில் எழுதித் தருகிறவன் நான்தான். சகலை மட்டும் என்னிடம் வந்ததில்லை. அவனுக்கு அவ்வளவு ரோஷம், தானே எழுதிக்கொள்கிறான் என்று நினைத்திருந்தேன்.

எல்லாரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக அனுப்புவது என்று பேச்சு. நான் ஒரு அட்டவணை வேண்டும் என்றேன். எந்த வீடு, எத்தனை அறை, இப்போது என்ன வாடகை என்று கட்டம் போட்டுக் காட்டினால்தான் கேட்பதில் ஒரு நியாயம் தெரியும். ரொட்டிக்கடைக்காரர் பதினாலு என்றார். நர்ஸம்மாவும் பதினாலு. டிரைவிங் ஸ்கூல்காரர் கார் நிறுத்தும் இடத்தோடு சேர்த்துப் பதினைந்து. என்னுடையதைப் பதினாலு என்று நானே எழுதிக்கொண்டு, நிமிராமலே, “உன்னது?” என்றேன்.

“எட்டரை,” என்றான் சகலை.

“சார் மணி கேக்கல தம்பி,” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

“வாடகையத்தான் சொல்றேன். எட்டாயிரத்து ஐந்நூறு. வந்தப்ப என்னவோ அதேதான்.”

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. மைத்துனி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. என் மனைவி முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. அதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

அது எப்படி என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். சகலை என் சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். “கடுதாசி வரும். நான் பதில் போடமாட்டேன். சம்மதம் எழுதினாத்தான் ஏறும்னு அந்தம்மாவே போட்டிருக்காங்களே. அண்ணன் இப்பத்தானே படிச்சார்?”

நர்ஸம்மாவின் தூக்கம் முழுவதும் கலைந்துவிட்டது. என்னைப் பார்த்து, “அப்ப சார், எங்க சம்மதத்தையெல்லாம் எழுதினது...” என்று ஆரம்பித்து, மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

“சார்தான் எழுதினார். வருஷா வருஷம் ஒரு முழு ரொட்டி வேற குடுத்துல்ல எழுதி வாங்கினேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். ஏழு வருடம் முன்னால் நானும் எட்டாயிரத்து ஐந்நூறுதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே தொகை, ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. அங்கிருந்து ஆறு படி ஏறி நான் பதினாலுக்கு வந்திருக்கிறேன்; அவன் கீழ்ப்படியிலேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். ஆறு படியையும் என் கையாலேயே கட்டியிருக்கிறேன், அழகான கையெழுத்தில்.

அட்டவணையில் ஐந்து வீடும் வரவேண்டும், ஒரு வரியை விட்டால் கடிதமே பொய்யாகிவிடும் என்று நான் வாதாடினேன். குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் தூங்குகிற வீட்டுக்காரம்மாவைத் தட்டி எழுப்பி என்ன லாபம், விண்ணப்பமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தம்பி செய்வதையே எல்லாரும் செய்வோம் என்று முடிவாயிற்று. அதாவது, யாரும் பதில் போடுவதில்லை. போகும்போது டிரைவிங் ஸ்கூல்காரர் என் தோளில் தட்டினார். “சார், கை அரிச்சா சொறிஞ்சுக்குங்க. பேனாவை மட்டும் எடுத்துடாதீங்க.”

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பத்தொன்பதாயிரம் என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதைக் கொடுக்க முடியாமல் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய் வீடு பார்ப்பதென்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். இப்போது போக வேண்டியதில்லை, பதினாலே தொடரும். ஆனால் பதினாலு என்ற எண் எனக்கு மறந்தே போயிற்று. மனசில் நின்றது எட்டரைதான். பல் தேய்க்கும்போது எட்டரை. பஸ்ஸுக்கு நிற்கும்போது எட்டரை.

அந்த வீட்டை அவனுக்குப் பிடித்துக்கொடுத்ததே நான். கல்யாணமாகி ஒரு அறையில் திண்டாடுகிறார்களே என்று வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு பக்கம் எழுதி, சிபாரிசு செய்து, எதிர்வீட்டைத் திறந்துவிட்டேன். அது மூலை வீடு. இரண்டு பக்கமும் ஜன்னல். எங்கள் கூடத்தில் ஒரு துண்டை உலர்த்த ஒரு பகல் ஆகும். அவர்கள் வீட்டில் அரை மணி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி ஏறுகிறான் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பதுண்டு. என்ன பயன்? ஏறி வந்தால் அவனுக்குக் காற்று. எனக்கு எதிர்ச் சுவர். துணி துவைக்கும் மிஷின் அவன் வாங்கிய மாதம், நான் ஐந்தாவது சம்மதக் கடிதம் எழுதிய மாதம். நகல் கோப்பை எடுத்துத் தேதி பார்த்துவிட்டேன். ஸ்கூட்டர் வாங்கியது ஆறாவதில். மைத்துனியை வேலையை விடச்சொல்லி ரத்தம் சோதிக்கிற லேப் படிப்பில் சேர்த்ததும் அதே வருடம்தான். மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்றால் யார்தான் பெண்டாட்டியைப் படிக்கவைக்கமாட்டான்? அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.

மனைவியிடம் கேட்டேன், உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. தெரியும் என்றாள். நாலு வருடமாகத் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை?

“சொன்னா நீங்க சாப்பிடமாட்டீங்க,” என்றாள். அது உண்மையும் ஆயிற்று. ஞாயிறிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், தபால் பிரிவில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, தாளை எடுத்தேன். சம்மதம் எழுதக்கூடாது என்றுதானே முடிவு? நான் சம்மதம் எழுதவில்லை. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு எழுதினேன். ஒன்று, இரண்டாம் மாடி மூலை வீட்டின் வாடகை ஏழு வருடமாக உயர்த்தப்படவில்லை. இரண்டு, அது தங்கள் கவனத்திலிருந்து தவறியிருக்கலாம். மூன்று, தங்கள் நலன் கருதித் தெரிவிக்கிறேன். மூன்றாவதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது; ஆனாலும் மூன்று இல்லாமல் இரண்டோடு நிறுத்தினால் கடிதம் மொட்டையாக இருக்கும். உறையில் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். வாயை மட்டும் ஒட்டவில்லை. பையில் வைத்துக்கொண்டு புதன், வியாழன் இரண்டு நாள் போய்வந்தேன்.

இந்தக் கடிதம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதில் போடாதவனுக்கு வாடகை ஏறவில்லை என்று அந்த அம்மாள் கண்டுகொண்டால், மறுமாதமே எல்லாருக்கும் பத்தொன்பது என்று முடித்துவிடுவார். எனக்கும்தான். எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்ட கதை. மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். போனால் போகட்டும் என்று தோன்றியது.

வியாழன் சாயங்காலம் மனைவி வாய் தவறி ஒரு விஷயம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவன் எவ்வளவு நெஞ்சழுத்தக்காரன், சட்டம் படித்தவன் மாதிரி கடிதத்தில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறான் பார் என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

“அவன் எங்க படிச்சான்? ஒரு கவரைக்கூடப் பிரிச்சதில்லையாம். எல்லாம் அப்படியே பையில கெடக்குன்னு தங்கச்சி சொன்னா. நீங்க கூட்டத்துல படிச்சதைக் கேட்டுத்தான் அவனுக்கே தெரியும்.”

சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெட்டிக்காரத்தனத்தால் ஒருவன் ஜெயித்தால் பொறுத்துக்கொள்ளலாம். நமக்கு அந்தப் புத்தி இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடலாம். கடிதத்தைப் பிரிக்கக்கூடச் சோம்பல்பட்டவனுக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது என்றால்? இங்கே கூரைக்குக் கீழே தினம் பாத்திரத்தைத் தேய்த்து நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தவன் நான். பையிலிருந்து உறையை எடுத்துப் பசை தடவி ஒட்டினேன். மறுநாள் ஆபீஸ் போகும்போது பெட்டியில் போட்டுவிடுவது என்று தீர்மானம்.

ஒட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது கதவு தட்டியது. சகலை. கையில் ஒரு துணிப்பை. எப்போதும் நேராக என் சாய்வு நாற்காலிக்குப் போகிறவன், அன்று நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னேன். மேசை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அவன் சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கட்டடத்தில் யாரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடிவெடுக்கும்போது தம்பி, தம்பி என்றவர்கள்தான். ரொட்டிக்கடைக்காரர் அவனுக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டியை எடுத்துக் கொடுக்கிறார். நர்ஸம்மா படியில் எதிரே வந்தால் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்கிறார், மணி அடிக்காத ஃபோனை. மைத்துனிக்கு அவமானம் தாங்கவில்லை.

“அது கூடப் பரவாயில்ல அண்ணே. யாராவது வயித்தெரிச்சல்ல அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டா? ஏழு வருஷத்துக்கும் சேத்து எடுத்து வைன்னு சொன்னா நான் எங்க போவேன்? தூக்கமே வரல.”

ஒட்டிய உறை மேசையில் விலாசம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தது. நான் அதன்மேல் பேப்பரை நகர்த்தினேன்.

“அதனால நானே முந்திக்கிட்டு, எல்லாரும் குடுக்கற பதினாலைத் தந்துடறேன்னு எழுதிடலாம்னு. அவ படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டா. நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.” துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தான். ஏழு உறைகள், ஏழும் பிரிக்காதவை. “இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லிடுங்க. உள்ள என்ன இருக்குமோன்னு பிரிக்கவே பயம்.”

படிக்கத் தெரியாதவன் இல்லையே, பிறகு என்ன பயம் என்று கேட்டேன்.

“படிப்பேன். பதில் எழுதணுமே. நான் நாலு வரி எழுதினா அவ வாங்கிப் பாப்பா. பாத்துட்டு, அக்கா வீட்டுக்காரர் எழுதினா எப்படி இருக்கும் தெரியுமாம்பா. கல்யாணமான நாள்லேர்ந்து இதே பாட்டுதான். கோவிச்சுக்காதீங்க, உங்க கையெழுத்தைப் பாத்தாலே எனக்கு எரியும். அதான் உங்ககிட்டயும் வரல, நானும் எழுதல.”

என்னைப் பார்த்து அவனுக்கு எரியும் என்றது காதில் தேனாகப் பாய்ந்தது. பொய் சொல்வானேன்? ஏழு வருடத்தில் அவன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் அது.

உறைகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி, காகிதக் கத்தியால் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். முதல் வருடத்துக் கடிதம் சாதாரணம். சத்தமாகப் படித்தேன். இரண்டாவதின் கடைசியில் அந்தத் தனி வரி இருந்தது. “சென்ற வருடம் உங்களிடமிருந்து பதில் இல்லை. இயலவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். வாடகையைத் தேதி தவறாமல் கட்டுகிறீர்கள்; அதுவே போதும், பழைய தொகையே இருக்கட்டும்.”

அதை நான் சத்தமாகப் படிக்கவில்லை. பொது விஷயத்தோடு நிறுத்தி, “இப்படிக்கு” என்று முடித்துவிட்டேன்.

மூன்றாவதிலும் அந்த வரி இருந்தது, வேறு வார்த்தைகளில். நான்கு, ஐந்து, ஆறு எல்லாவற்றிலும். ஏழாவதில், பத்தொன்பதாயிரத்துக்குக் கீழே: “இது எல்லாருக்கும் எழுதுவது. உங்களால் எப்போது இயலுமோ அப்போது எழுதுங்கள்.” அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும். முடிந்தவன் சம்மதித்து எழுதுவான், முடியாதவன் பேசாமல் இருப்பான் என்பது அவர் கணக்கு. நான் முடிந்தவன். வருடா வருடம் அன்றே பதில் எழுதி, தங்கள் சித்தப்படியே ஆகட்டும் என்று முடித்தவன். அதற்குக் கூலியாக எனக்கு, அச்சில் வார்த்தாற்போல் இருக்கிறதாம். அவனுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.

ஆறு முறை அந்த வரி வந்தது. ஆறு முறையும் என் நாக்கு அதைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

“வேற ஒண்ணும் இல்லையா அண்ணே? திட்டி கிட்டி?”

“ஒண்ணும் இல்ல,” என்றேன்.

தாளை எடுத்துச் சம்மதக் கடிதம் எழுதினேன். பதினாலாயிரம், எண்ணிலும் எழுத்திலும். அவன் ஸ்டூலின் நுனிக்கு வந்து, பாடம் வாசிக்கிறவன்போல் உதட்டை அசைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ஒட்டி வையுங்கள், பெட்டி வரை ஸ்கூட்டரிலேயே போய் வந்துவிடலாம், சாவி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனான்.

மனைவி எப்போது வந்து மேசை ஓரம் நின்றாள் என்று கவனிக்கவில்லை. பிரித்த கடிதங்களை ஒழுங்குபடுத்துகிறவள்போல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் கை நின்றது. நான்காவதை எடுத்தாள். ஐந்தாவதை எடுக்கவில்லை.

“கடைசியில ஒரு வரி இருக்கே. நீங்க படிச்சப்ப அது எனக்குக் கேக்கல.”

நான் பேனாவை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். பிறகு, கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். “எனக்கு வயிறு எரியுதுடி. எட்டரை எட்டரைன்னு ராத்திரியெல்லாம் காதுல கேக்குது.”

அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு மட்டும் எரியலையா? நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அவ வீட்டு ஜன்னலைத் திறந்தாத்தான் நம்ம வீட்டுக்கே காத்து. அவ படிக்கப் போறா, நான் அவ வீட்டுக்கும் சேத்துப் பட்டாணி உரிக்கிறேன். கூடப் பொறந்தவளாச்சேன்னு எரியறதை அணைச்சு அணைச்சு வெச்சிருக்கேன். ஆனா படிப்பை நிறுத்தினா நாளைக்கு நான் அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” சம்மதக் கடிதத்தை எடுத்து, என் நகல் கோப்புக்குள் வைத்து, கோப்பை மூடினாள். “அந்தம்மா முடியாதவங்களை விட்டுடறாங்க இல்ல? நமக்கு முடியுதா?”

“முடியல.”

“அதை எழுதுங்க.”

எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. பொருள் என்ன போடுவது? எண் ஒன்று என்ன? கடைசியில் எதுவும் போடவில்லை. “அம்மா, பத்தொன்பதாயிரம் என்னால் இயலாது. இப்போது தருவதே சிரமப்பட்டுத்தான் தருகிறேன். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுத வெட்கமாக இருந்தது.” அவ்வளவுதான். நாலு விரல் அகலம்கூட இல்லை. கையெழுத்துகூடக் கொஞ்சம் கோணல். இது சம்மதம் இல்லையே என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன். இல்லை.

புது உறை இல்லை. பேப்பருக்கு அடியிலிருந்து ஒட்டிய உறையை எடுத்து, பசை முழுதும் காய்வதற்கு முன்னால் பிரித்தேன். ஸ்டாம்ப் வீணாக வேண்டாமே. உள்ளே இருந்த எண்ணிட்ட தாளை மனைவி வாங்கிக்கொண்டாள். படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தவள்போல நான்காக மடித்து, மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

“அவனைக் கூப்பிட்டு அந்த வரியையெல்லாம் படிச்சுக் காட்டிடறேன்,” என்றேன்.

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

“காலைல படிச்சுக் காட்டுங்க,” என்றாள். “ஒரே ஒரு ராத்திரி, அவளும் பதினாலாயிரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாக்கட்டும்.”

பசை தடவினேன். அவள் கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்திக் கொடுத்தாள். ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு சகலை வந்தான். படியிறங்கும்போது ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் கையில் உறையைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். பின் சீட்டில் உட்கார்ந்தேன். நல்ல சீட்டு, மெத்தென்று இருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன்.

தெருமுனையில், ரயில் நிலையத்தின் வெளிச்சத்துக்கு எதிரே, தபால் பெட்டி. சகலை இறங்கி என் முன்னால் கையை நீட்டினான்.

“என் கடுதாசி. முதல் தடவை. நானே போடறேன் அண்ணே.”

கொடுத்தேன். அனுப்புநர் யார் என்று அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சூடான எதையோ விடுகிறவன்போல், உறையைப் பெட்டிக்குள் விட்டான்.